‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதுகிறவர்

மாணவ நண்பர்களே, வணக்கம்.

ஆப்பிரிக்காவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விஞ்ஞானிகளைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வெயிலில் வீடு வீடாகப் போகிற களப்பணியாளர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

கென்யாவில், மொம்பாசாவுக்கு வடக்கே கடலோரத்தில் கிலிஃபி என்று ஓர் ஊர். கென்ய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் லண்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 1989 முதல் அங்கே ஓர் ஆராய்ச்சித் திட்டம் நடத்துகின்றன. 2000-இல் சுற்றுவட்டார மக்கள்தொகையைத் தொடர்ந்து பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். 891 சதுர கிலோமீட்டர், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். எந்த வீட்டில் பிறப்பு, எந்த வீட்டில் சாவு, யார் ஊரைவிட்டுப் போனார் என்று நேரில் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மலேரியா தடுப்பூசியும் சோதிக்கப்பட்ட இடம் அது.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களைத்தான் எடுக்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். கிரியாமாவும் சுவாஹிலியும் பேசுகிறவர்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை ஆய்வில் சேர்க்க அப்பா சம்மதித்துவிட்டார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காக வாய்விட்டு மறுக்கவும் மாட்டார். வந்திருப்பது பக்கத்துத் தெருப் பெண். முகத்தை முறித்துக்கொள்ள முடியுமா? நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஆராய்ச்சித் திட்டம் நடக்கிற வளாகத்து ஆஸ்பத்திரிக்குத்தானே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? அதனால் அந்தப் பெண் வருகிற நாளில் பிள்ளையோடு வயலுக்குப் போய்விடுகிறார். படிவத்தில் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பதிவாகிறது.

களப்பணியாளருக்கு விஷயம் தெரியும். ஆனால் இல்லை என்று பதிவான வீட்டுக்கு மறுபடி போக வேண்டும் என்பது விதி, போகிறார். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கேட்கிற ஒரே கேள்வி, “இந்த வாரம் எத்தனை முடிந்தது?” அப்புறம் ஒரு நாள், போகாத வீட்டுக்குப் போனதாக எழுதினால் உடனே ஒழுக்கக்கேடு என்கிறோம். பொய்ப் பதிவை மன்னிக்கச் சொல்லவில்லை. பொய்க்கு இடம் கொடுத்தது எந்தக் கேள்வி என்பதையும் சேர்த்து விசாரியுங்கள் என்கிறேன். ‘இந்த வீட்டுக்காரர்களுக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன்’ என்று அவர் பயமில்லாமல் எழுத, படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதா?

சாப்பாட்டு விஷயத்தையும் பாருங்கள். பஞ்ச காலத்தில் ஒரு வீட்டில் உகாலியை, அதாவது மக்காச்சோள மாவுக் களியை, தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். சாப்பிட்டால் அந்த வீட்டுப் பிள்ளையின் பங்கு குறையும். வேண்டாம் என்றால், அருவருப்பு என்று நினைப்பார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளை சுருண்டு படுத்திருக்கிறது, பஸ்ஸுக்குக் காசில்லை. களப்பணியாளர் சொந்தப் பையிலிருந்து கொடுக்கிறார். சம்பளம் வாங்குகிறவர் ஆயிற்றே, அடுத்த வீட்டிலும் கேட்பார்கள். இந்த மாதிரிச் செலவுக்குத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். எதற்கு, எவ்வளவு என்பதை அந்தக் களப்பணியாளர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ஆய்வு முறைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வரி எழுதத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை.

பயிற்சியும் அப்படித்தான். முதல் வாரத்தில் ஒப்புதல் படிவம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் போதாது. மாதம் ஒருமுறையாவது, எண்ணிக்கை கேட்காத கூட்டம் ஒன்று வேண்டும். யார் வீட்டில் என்ன சொன்னார்கள், எங்கே வாக்குவாதம் வந்தது என்று பேசட்டும். வேலை நேரத்தில், சம்பளத்தோடு. அதில் விஞ்ஞானியும் உட்கார வேண்டும்.

திட்டம் முடிந்ததும் விஞ்ஞானி ஊருக்குப் போய்விடுவார். களப்பணியாளர் அங்கேயேதான் இருப்பார். “எங்கள் ரத்தத்தை என்ன செய்தீர்கள்?” என்று சந்தையில் அவரைத்தான் பிடித்துக் கேட்பார்கள். அதனால் ஆய்வின் முடிவு பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லுங்கள். அதை அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கான நாட்களுக்கும் பட்ஜெட்டில் சம்பளம் போடுங்கள்.