கால் கால் மாத்திரையாக

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மாசக்கணக்கில், சில பேர் வருஷக்கணக்கில் போட்டுவிட்டு, "போதும், இனிமே விட்டுடணும்" என்று நினைப்பவர்களை கவுன்ட்டரில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அல்பிரசோலம், குளோனாசெபாம், லோராசெபாம், டயாசெபாம் ஆகியவை இந்த வகை மாத்திரைகள். உங்கள் அட்டையின் பின்பக்கம் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், இந்தப் பேச்சு உங்களுக்கானது.

விட நினைப்பது நல்ல விஷயம். ஒரே நாளில் விடுவதுதான் ஆபத்து.

நம் மூளையில் காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பை அடக்கி வைப்பது அதன் வேலை. இந்த மாத்திரைகள் அந்த வேலையை இன்னும் பலப்படுத்துகின்றன. அதனால்தான் போட்ட அரைமணி, ஒருமணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு இறங்குகிறது. ஆனால் தினமும் போடப் போட, வெளியிலிருந்துதான் உதவி வருகிறதே என்று மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. இது சில வாரங்களிலேயே தொடங்கிவிடலாம். அந்த நிலையில் மாத்திரையை அடியோடு நிறுத்தினால், அடக்க ஆள் இல்லாமல் நரம்பெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் சுத்தமாகப் போய்விடும். வலிப்பு வரலாம், மனம் பிரமை தட்டிப் போகலாம். உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வீட்டில் நடப்பவை. "உனக்கு மனசுல தைரியம் இல்ல" என்று சொல்லி மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள், குப்பையில் போடுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் இது தைரியம் சம்பந்தப்பட்டதே இல்லை. டாக்டர் சொன்னபடி போட்டவருக்கும் உடம்பு பழகிவிடும். கடற்படையில் இருந்தவராக இருந்தாலும், காசிமேட்டிலிருந்து நடுக்கடலுக்குப் போய் வருகிறவராக இருந்தாலும் அப்படித்தான். தயவுசெய்து ஒளிக்காதீர்கள்.

சரி, எப்படிக் குறைப்பது? முதலில் டாக்டரிடம் போக வேண்டும். அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்போது போடுகிற அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார்க்கலாம், 2 வாரத்துக்குள் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் காலையிலும் இரவிலும் போடுகிறார், ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சின்ன மாத்திரை 0.25. அதைப் பாதியாக உடைத்துக் குறைத்தால்கூட ஒரே அடியில் 12 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. இதனால் சில டாக்டர்கள் டயாசெபாமுக்கு மாற்றுவார்கள். அல்பிரசோலம் 0.5-க்கு ஏறக்குறைய டயாசெபாம் 10 மில்லிகிராம் என்று ஒரு கணக்கு உண்டு, ஆளுக்கு ஆள் அது மாறும். டயாசெபாமில் 2 மில்லிகிராம் மாத்திரை இருப்பதால் பொடிப்பொடியாகக் குறைக்க முடியும். அது உடம்பை விட்டு மெதுவாகப் போவதால் இறக்கமும் மெதுவாக இருக்கும். ஆனால் வயதானவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் அது உடம்பிலேயே தேங்கி, தள்ளாட்டம் வந்து விழவைத்துவிடும். ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. மெல்லக் கரைகிற எஸ்.ஆர். வகை மாத்திரையாக இருந்தால், அதை உடைக்கவே கூடாது.

கவுன்ட்டரில் நான் அதிகம் கேட்கும் யோசனை, "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன் சார்" என்பது. கேட்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய 11, 12 மணி நேரம்தான் ஆகும். ஒருநாள் விட்டால் அந்த நாள் முழுக்க உடம்பு தவிக்கும், மறுநாள் போட்டதும் அடங்கும், மறுபடி தவிக்கும். தினமும் அதே நேரத்தில், அளவை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுவதுதான் சரி.

இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து நோயாளிகளை விடுவிப்பதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, வேகத்தை நோயாளியே தீர்மானிக்கட்டும் என்பதுதான். என் அனுபவத்தில் அதைவிடச் சரியான வார்த்தை இல்லை. ஒரு படி குறைத்தது தாங்கவில்லையா, அந்த அளவிலேயே இன்னும் சில வாரம் நில்லுங்கள். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். முக்கியமாக, கடைசிப் படிகளில் அவசரப்படாதீர்கள். 0.25-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது பார்க்கச் சின்னதுதான். ஆனால் உடம்புக்கு அது நூறு சதவீதக் குறைப்பு.

குறைக்கும்போது என்னென்ன வரும் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும். காதில் ரீங்காரம், தசை துடிப்பு, தோலில் ஊசி குத்துகிற மாதிரி உணர்வு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் குடியிருக்கும் ஒரு அம்மா, ஆயுசு முழுக்க கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் தூங்கியவர். அளவைக் குறைத்த வாரத்தில் ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது என்றார். "பழைய வியாதி திரும்பி வந்துடுச்சு" என்று அழுதார். அது வியாதி இல்லை. அளவு குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கி, முன்பு இல்லாத புதுத் தொந்தரவுகளையும் கூட்டிவந்து, ஏறி இறங்கி, வாரங்களில் அடங்கினால் அது பெரும்பாலும் விலகல் அறிகுறி, அதாவது மாத்திரை குறைந்ததால் உடம்பு படுகிற தவிப்பு. பழைய நோய் திரும்பினால் பழைய உருவத்திலேயே வந்து, அடங்காமல் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, குறைத்த தேதியையும் அன்றன்றைய நிலைமையையும் காலண்டரில் ஒரு வரி எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த நாட்களில் சாராயம் வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று ஒரு குவார்ட்டர் போடுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. மதுவும் மூளையில் அதே காபாவைத்தான் தொடுகிறது. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். டீ, காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். படபடப்பு ஏறும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். சிந்தனை, நடத்தை வழியான உளவியல் சிகிச்சை கிடைத்தால் விடாதீர்கள், மாத்திரை குறைப்போடு சேர்ந்து அது நன்றாகக் கைகொடுக்கிறது. துறைமுகத்திலும் மணலி கம்பெனிகளிலும் ஷிப்ட் பார்ப்பவர்கள், ராத்திரி ஷிப்ட் மாறுகிற வாரத்தில் அளவைக் குறைக்க வேண்டாம். லாரி, கிரேன் ஓட்டுகிறவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வடியாமல் நாம் பட்டது நினைவிருக்கும். கடை திறக்க முடியாத நாட்களில் மாத்திரை தீர்ந்தவர்களின் நிலைமை கஷ்டம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்காவது கையில் இருக்கும்படி டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுங்கள். இந்த நாலு மருந்தையுமே சீட்டில்லாமல் நாங்கள் தரக்கூடாது. அல்பிரசோலம், டயாசெபாம் இரண்டும் அரசின் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை, 2014 மார்ச் முதல் அவற்றைக் கொடுத்தால் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். கடைக்காரர் மறுத்தால் கோபித்துக்கொண்டு அப்படியே நிறுத்திவிடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ உடனே 108. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை அது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. கர்ப்பிணிகளும் ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்களும் தாங்களாக எதையும் குறைக்கக் கூடாது. தனியார் டாக்டருக்கு வசதியில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. போகும்போது பழைய சீட்டுகளையும், இப்போது போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், சர்க்கரை, பிரஷர் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். வெட்கப்பட்டு குறைத்துச் சொல்லாதீர்கள். அதை வைத்துத்தான் எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். நன்றி, வணக்கம்.