கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து புலம்புகிறோமே, ஏன்?

(திரையில்: கோயில் முன்னால் வேப்பமரம், சுற்றி சிமெண்ட் திண்டு, நாலைந்து பிளாஸ்டிக் சேர்.)

வணக்கம். கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி போடுகிற கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்றால் நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ கட்டாயம் உட்கார்ந்திருப்பார். தலைமை, சுயசிந்தனை என்று பெரிய வார்த்தைகளில் ஆரம்பிப்பதைவிட, சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்காக இந்த மரத்தடியில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொன்னால் விஷயம் சட்டென்று பிடிபடும்.

மொத்தம் 14 பேர். கமிட்டித் தலைவர் அண்ணாச்சி நல்ல மனுசர், இத்தனை வருசத்தில் கோயில் கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. வந்து உட்கார்ந்ததுமே, "இந்த வருசம் லைட்டு, மைக்செட்டு எல்லாம் வெளியூர்லேர்ந்து பெருசா கொண்டாந்துருவோம், வரிய கொஞ்சம் கூட்டிப் போட்டா சரியாப் போவும், என்ன சொல்லுதிய?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான், வரிசையாக எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 2,000 ரூபாயாக இருந்த வரி 3,500 ஆனது, பத்து நிமிசத்தில் கூட்டம் முடிந்தது.

அப்புறம் டீக்கடைக்கு வந்தால் ஆளாளுக்கு, "நான் அப்பவே நெனச்சேம்லா, இது ரொம்பக் கூடுதல்னு" என்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மட்டும்தான் அப்படி நினைத்தேன் என்றல்லவா அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தேன்!

வரி பிரிக்கப் போனபோது பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்து எண்ணினார். எல்லாம் பத்தும் இருபதுமான நோட்டு, புகையிலை வாசனையோடு. 1,800 இருந்தது. "மிச்சத்த அடுத்த வாரம் தாரேன் தம்பி" என்றார். அந்த நோட்டுகளை வாங்கியபோது என் கை கூசியது. அதோடு முடியவில்லை. லைட்டுக்கே பணம் சரியாகிவிட்டதால், சாமி கதையைப் பாடி ஆடுகிற கணியான் கூத்து நின்றுபோனது. ராத்திரி முழுக்க கூத்துக்காரர் மகுடப் பறை அடிக்கிற சத்தம் கேட்காமல் ஒரு கொடை முடிந்ததை நான் அந்த வருசம்தான் பார்த்தேன்.

இத்தனைக்கும் அங்கே கெட்டவர் யாரும் இல்லை, அறிவில்லாதவரும் இல்லை. பிறகு ஏன் இப்படி நடக்கிறது?

(திரையில்: ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள்.)

1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, இந்த மூன்றில் இதே நீளமுள்ளது எது என்று கேட்பது, சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று அவர்கள் எல்லோரும் ஒரே தப்பான பதிலை உறுதியாகச் சொல்வார்கள், அந்த ஒருவர் முறை கடைசிப் பக்கமாக வரும். கண்ணெதிரே தெரிகிற விஷயத்தில், சோதனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். கோட்டின் நீளத்துக்கே இந்தக் கதி என்றால், ஊர்ப் பெரியவர் முன்னால் வரித் தொகையைப் பற்றி எப்படி வாய் திறப்போம்?

ஆனால் எனக்கு அந்தச் சோதனையில் முக்கியமாகப் படுவது அதற்கடுத்து அவர் செய்த மாற்றங்கள். கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மாற்றிச் சொன்னாலும் போதும், ஒத்து ஊதுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த ஒரு ஆள் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, அவர் வேறொரு தப்பைச் சொன்னாலும் மற்றவருக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் அப்படியே குறைந்தது. இந்தத் தாள் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சுயசிந்தனை என்றால் எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பேர் வீம்பு. எல்லோரும் ஆம் என்பதால் இல்லை என்கிறவரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார், அவருக்கும் சொந்தமாக ஒரு கணக்கு இல்லை. பிறர் சொல்வது காதில் விழும் முன்னாலேயே நமக்கென்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பதும், கேட்ட பிறகு நம் கணக்கில் தப்பிருந்தால் திருத்திக்கொள்வதும்தான் நான் சொல்கிற சுயசிந்தனை.

இதற்கு வெளியூர் ஆளைத் தேட வேண்டாம், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. இருக்கிறார். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1986-ல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் கப்பல் என்றால் வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பல்தான், அவன் வைத்ததுதான் கட்டணம், இது எல்லா வியாபாரிக்கும் தெரியும். 1906-ல் இந்த வக்கீல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை ஆரம்பித்தார், ஒரு பங்கு 25 ரூபாய். முதலில் ஓட்டியது வாடகைக் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவது வேறு வாடகைக் கப்பல் பிடிப்போம் என்பதுதான், கொழும்பிலிருந்து அப்படி ஒன்றைப் பிடித்து ஓட்டவும் செய்தார். ஆனால் அதோடு விடாமல், அடுத்தவன் கப்பலை நம்பியிருக்கிறவரை இதே கழுத்துப்பிடி திரும்பத் திரும்ப வரும் என்று யோசித்து, பம்பாய்க்குப் போய்ப் பணம் திரட்டி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சங்கத்துக்குச் சொந்தமாகவே வாங்க வைத்தார். இது தனியாளாகச் செய்கிற காரியமும் இல்லை, ஊரைக் கேட்டு, வியாபாரிகளைக் கூட்டி, பங்கு விற்றுத்தான் நடந்தது. யோசனைதான் அவருடையது.

அந்தச் சங்கம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1908-ல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார், தொழிலாளர் கேட்டது கிடைத்தது. மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள், திருநெல்வேலியே கொந்தளித்தது, அவர் ஜெயிலில் செக்கிழுத்தார், அவர் வெளியே வருவதற்குள் சங்கமே கலைந்துவிட்டது. சொந்தமாக யோசித்தால் ஜெயித்துவிடலாம் என்று சொல்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, தலைவராக இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் சுயமாக யோசித்தால் மட்டும் போதாது, உங்கள் முன்னால் இருப்பவர்களும் யோசிக்க இடம் விட வேண்டும். 1961-ல் கியூபா அரசைக் கவிழ்க்க அங்கே பிக்ஸ் விரிகுடாவில் படை இறக்கும் அமெரிக்காவின் திட்டம் பெரும் தோல்வியில் முடிந்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அது தப்பு என்று தனியாக எழுதிக் கொடுத்தவர், ஆனால் கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டார், பிற்பாடு அதற்காக வருந்தினார். அடுத்த வருசம் அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகளால் நெருக்கடி வந்தபோது, தான் இருந்தால் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்று கென்னடி சில கூட்டங்களுக்கே போகவில்லை. இர்விங் ஜானிஸ் என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தலைவர் தன் விருப்பத்தை முதலிலேயே சொல்லக் கூடாது என்று 1972-ல் எழுதினார். நம் ஊரில் இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் இங்கே பெரியவர் பேச்சை மறுப்பதே மரியாதைக் குறைவு. அதனால் பெரியவர் கடைசியில் பேசட்டும் என்கிறேன், மரியாதையும் போகாது, மனசில் இருப்பதும் வெளியே வரும்.

(திரையில்: கிழித்த காலண்டர் தாள்கள், ஒரு பித்தளைத் தாம்பாளம்.)

போன வருசக் கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன், டீக்கடைப் பேச்சு, அந்த அக்காவின் பத்து ரூபாய் நோட்டு, எல்லாவற்றையும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்று மட்டும் கேட்டார், எனக்குப் பதில் இல்லை.

மறுநாள் வந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, வரி எவ்வளவு, எதற்குச் செலவு என்று பேர் போடாமல் எழுதித் தாம்பாளத்தில் போடச் சொன்னார். 14 தாளில் ஒன்பதில் கணியான் கூத்து என்று இருந்தது. பச்சை மையில் எழுதிய ஒரு தாளில் மட்டும், வெளியூர் லைட்டு, வரி 3,500. பச்சை மைப் பேனா எங்கள் கமிட்டியில் யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் மற்றத் தாள்களைப் போலவே சத்தமாக வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "சரி, கூத்துக்காரருக்கு நாளைக்கே முன்பணம் குடுத்துருவோம். வரி பழையபடி ரெண்டாயிரம்."