"முதலில் என்ன செய்வீர்கள்?" – அமெரிக்க பிசியோதெரபி லைசென்ஸ் தேர்வுக்குக் காரணத்தோடு படிப்பது

(திரையில்: பிசியோதெரபி மெத்தையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கோட்டோவியம்)

வணக்கம். ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம்.

டி4 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு மட்டத்தில், தண்டுவடம் முழுமையாகக் காயமடைந்த ஒருவர் மெத்தையில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். திடீரென்று "தலை பிளக்கிற மாதிரி வலிக்குது" என்கிறார். முகம் சிவந்து, நெற்றி வியர்த்துக் கொட்டுகிறது. ரத்த அழுத்தம் 190/110. முதலில் என்ன செய்வீர்கள்? படுக்கவைத்துக் காலை உயர்த்துவீர்களா, நிமிர்த்தி உட்காரவைப்பீர்களா, பயிற்சியைக் குறைத்துத் தொடர்வீர்களா, டாக்டருக்குச் சொல்லிவிட்டு அவர் வரும்வரை காத்திருப்பீர்களா?

வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு விடையைச் சொல்லுங்கள். கூடவே அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள்.

(மூன்று விநாடி அமைதி)

நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். இதன் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் படிப்பு படித்த எல்லோரும் இந்தப் பெயரைக் கேட்டிருப்போம். "டி6-க்கு மேல் காயம் இருந்தால் வரும்" என்று பரீட்சையில் எழுதியும் இருப்போம். ஆனால் ஏன் டி6? இதற்குப் பதில் தெரிந்தவருக்கு மேலே உள்ள கேள்வியில் குழப்பமே வராது.

(திரையில்: தண்டுவடம், வயிற்று ரத்தக் குழாய்கள், மூளை, அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக)

அவருக்குச் சிறுநீர் வடிய வைத்த குழாய் (கதீட்டர்) எங்கோ மடங்கியிருக்கிறது, சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அந்தச் செய்தி தண்டுவடத்தில் மேலே ஏறிவந்து காயம்பட்ட இடத்தில் நின்றுவிடுகிறது. மூளைக்குப் போவதில்லை. ஆனால் போகிற வழியில் ரத்தக் குழாய்களை இறுக்கும் சிம்பதெடிக் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உடம்பில் மிக அதிக ரத்தத்தைத் தாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் ரத்த அழுத்தம் எகிறுகிறது. கழுத்தில் இருக்கும் உணரிகள் இதைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்கின்றன. மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது. காயத்துக்கு மேலே உள்ள குழாய்களை விரிக்கிறது. முகம் சிவப்பது அதனால்தான். ஆனால் "இறுக்கத்தைத் தளர்த்து" என்ற கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே இறங்காது.

வயிற்றுக் குழாய்களை ஆளும் நரம்புகளில் பெரும்பகுதி டி6-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் கிளம்புகின்றன. காயம் அதற்கும் கீழே என்றால் மூளையின் பிடியில் போதுமான நரம்புகள் மிச்சம் இருக்கும், சமாளித்துவிடும். டி6 என்ற எண்ணுக்கு இதுதான் பொருள்.

இப்போது விடையைப் பாருங்கள். உட்காரவைத்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும், அழுத்தம் கொஞ்சம் தணியும். படுக்கவைத்தால் நேர் எதிராக நடக்கும். உட்காரவைத்த கையோடு வயிற்றுப் பட்டை, காலில் கட்டிய சிறுநீர்ச் சேகரிப்புப் பை, இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, சிறுநீர்க் குழாயைத் தடவிப் பார்க்க வேண்டும். காரணத்தை நீக்கும்வரை அழுத்தம் முழுதாக இறங்காது. மருத்துவ உதவி கட்டாயம் வேண்டும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களுடைய வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கலாம். அதைவிட 20 முதல் 40 கூடினாலே சந்தேகப்பட வேண்டும். சாதாரண மனிதருக்கு 140 பெரிய விஷயமாகத் தெரியாது. இவருக்கு அது அபாயச் சங்கு.

இன்டெர்ன்ஷிப் நாட்களில், தென்னை மரத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞரை எங்கள் வார்டில் பார்த்தேன். "தலை ஒரு மாதிரி இருக்கு மேடம்" என்றார். என் கை தானாகத் தலையணையைத் தாழ்த்தப் போனது. பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, அவரை உட்காரவைத்து, படுக்கைக்கு அடியில் மடங்கியிருந்த குழாயை நேராக்கினார். சில நிமிடங்களில் அவர் முகம் தெளிந்தது. புத்தகத்தில் பத்து முறை படித்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதே இளைஞரை டில்ட் டேபிளில் (படுத்தவரைச் சாய்த்து நிமிர்த்தும் மேசையில்) நிமிர்த்தும்போது முகம் வெளிறி, கண் இருண்டு, அழுத்தம் 80/50-க்கு இறங்கினால்? அப்போது படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டு எதிரெதிர் வைத்தியம். வெறும் மனப்பாடம் இங்கேதான் ஏமாற்றும்.

(திரையில்: தேர்வு மையக் கணினி)

சரி, தேர்வுக்கு வருவோம். அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டாக லைசென்ஸ் வாங்க என்.பி.டி.இ. என்ற தேசிய பிசியோதெரபி தேர்வை எழுத வேண்டும். எஃப்.எஸ்.பி.பி.டி. என்ற, மாநில பிசியோதெரபி வாரியங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. 2024 ஜனவரியிலிருந்து மொத்தம் 225 கேள்விகள், 5 மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 80 விநாடி. அதில் 45 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எவை என்று நமக்குத் தெரியாது. மதிப்பெண் அளவு 200-லிருந்து 800 வரை, தேற 600 வேண்டும். 12 மாதத்தில் 3 முறை, வாழ்நாளில் 6 முறைதான் எழுதலாம். அதனால் "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று உட்காரக்கூடிய தேர்வு இல்லை இது.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இதை எழுதப் போகிறவர்களுக்கு அறிவு குறைவில்லை. நம்முடைய நாலரை வருடப் படிப்பில் எவ்வளவோ வார்டு பார்த்துவிடுகிறோம். ஆனால் நம் பரீட்சைகள் "விரிவாக எழுதுக" என்றே கேட்டுப் பழக்கியவை. வரையறை, காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை என்று வரிசையாகப் பக்கம் நிரப்பத் தெரியும். இந்தத் தேர்வோ, எல்லாம் தெரிந்த பிறகு எதை முதலில் செய்வாய் என்று கேட்கிறது. நான்கு விடைகளில் இரண்டு சரியாகவே தோன்றும்.

ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், அளவு கூடக்குறைய இருந்தாலும், டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளி நேராக பிசியோதெரபிஸ்டிடம் வர முடியும். முதுகுவலி என்று ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், அவரை முதலில் பார்ப்பவர் நீங்களாகவே இருக்கலாம். சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போயிருக்கிறது, சிறுநீர் போக முடியவில்லை, இரண்டு காலும் தளர்கிறது என்று அவர் சொன்னால் அது பயிற்சி கொடுக்கும் முதுகுவலி இல்லை. காடா ஈக்வினா, அதாவது தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கும் நிலை. உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அன்று மாலை வரை தள்ளிப்போட்டாலும் அவருடைய சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். தேர்வு இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கத்தான் வேண்டும்.

பாடத்திட்டத்தில் எலும்பு-தசை, நரம்பு, இதயம்-நுரையீரல் இந்த மூன்றும்தான் பெரும்பகுதி. மூன்றிலும் "ஏன்" என்று தோண்டிப் படிக்கலாம்.

(திரையில்: வலது காலில் நிற்கும் உருவம், இடது இடுப்பு தாழ்கிறது)

ட்ரெண்டலென்பர்க் நடையை எடுத்துக்கொள்வோம். வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு தாழ்ந்தால் பலவீனம் வலது குளூட்டியஸ் மீடியஸ் என்ற இடுப்பின் பக்கவாட்டுத் தசையில். இது எல்லோருக்கும் தெரியும். ஊன்றுகோல் எந்தக் கையில்? இடது கையில். இதுவும் தெரியும். அப்புறம் ஒரு கேள்வி வருகிறது: அவர் கடைக்குப் போய்க் காய்கறிப் பை தூக்கி வர வேண்டும், எந்தக் கையில் தூக்கச் சொல்வீர்கள்?

இங்கே பலர் "அதே மாதிரி இடது கை" என்று போடுவார்கள். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். வலது இடுப்பு மூட்டுதான் நடு முள். உடல் எடை அதற்கு இடது பக்கம் தொங்குகிறது. வலது பக்கத்திலிருந்து குளூட்டியஸ் மீடியஸ் இழுத்துப் பிடிக்கிறது. தசைக்குக் கிடைத்த தராசுக் கை குட்டை, அதனால் உடல் எடையைவிட அதிக விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. இடது கையில் ஊன்றுகோல் வைத்தால் அது அந்தப் பக்கத்தை மேலே தள்ளுகிறது. மூட்டிலிருந்து தூரம் அதிகம் என்பதால் லேசாக ஊன்றினாலே தசையின் வேலை நிறையக் குறையும். இடது கையில் பை தூக்கினால்? அது கீழே இழுக்கிறது, தசைக்கு இரட்டைச் சுமை. ஆகவே பை வலது கையில். சூத்திரமாகப் படித்தவர் தடுமாறுவார், படம் போட்டுப் பார்த்தவர் 20 விநாடியில் முடித்துவிடுவார்.

இதயப் பாடத்திலும் இப்படித்தான். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு 220-லிருந்து வயதைக் கழித்து இலக்குத் துடிப்பு போடக் கூடாது. மருந்து துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும். போர்க் அளவுகோல் அதற்குத்தான், 6-லிருந்து 20 வரை. வேலைப்பளுவைக் கூட்டும்போது மேல் அழுத்தம் ஏற வேண்டும். ஏறாமல் 10-க்கு மேல் இறங்கினால் பயிற்சியை நிறுத்துங்கள்; இதயத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள்.

(திரையில்: மூடிய புத்தகம், வெள்ளைத் தாள், பேனா)

இதையெல்லாம் எப்படி மனதில் நிறுத்துவது? புத்தகத்தில் கலர் பேனாவால் கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது நம் பழக்கம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். மறுபடி படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நம் தேர்வு 5 நிமிடம் கழித்து நடக்கப்போவதில்லை.

ஆகவே புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் பிரேக்கியல் பிளெக்ஸஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னலை) வரையுங்கள், தப்பாக வந்தாலும் பரவாயில்லை, பிறகு திறந்து சரிபாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி வரையுங்கள். மாதிரிக் கேள்வியில் தவறினால், சரியான விடையை மட்டும் குறித்துக்கொண்டு நகராதீர்கள். மற்ற மூன்றும் ஏன் தப்பு, எந்த நோயாளிக்கு அவை சரியாக இருந்திருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு 200 கேள்வி ஓட்டுவதைவிட 40 கேள்வியை இப்படி உரித்துப் பார்ப்பதையே நான் சொல்வேன்.

அமெரிக்காவுக்கே உரிய சில விஷயங்களைத் தனியாகப் பழக வேண்டும். சக்கர நாற்காலிச் சரிவுப்பாதை ஓர் அங்குலம் உயர 12 அங்குல நீளம் வேண்டும், கதவின் திறப்பு குறைந்தது 32 அங்குலம். வீட்டு வாசலில் இரண்டு படி ஏறியே பழகிய நமக்கு இது மனதில் பதியாது. ஒரு டேப் எடுத்து உங்கள் வீட்டு வாசலை அளந்து பாருங்கள், மறக்காது.

(திரையில்: முழங்கால் கட்டோடு கட்டிலில் ஒரு நோயாளி)

அடுத்த வீடியோவுக்கு ஒரு கேள்வி. முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஐந்தாம் நாள். இன்று நடக்கவைப்பதுதான் திட்டம். நோயாளியான அம்மா சொல்கிறார்: "நேத்து ராத்திரியிலேருந்து கெண்டைக்கால் கனக்குதும்மா, கொஞ்சம் பிடிச்சு விடேன்." தொட்டுப் பார்த்தால் சூடாக, வீங்கி இருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள், எதைச் செய்யவே மாட்டீர்கள்? இரண்டையும் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.