அம்மியும் நகரும், கண்டமும் நகரும்

விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து தந்த நகரத்தார் பெரியோர்களே, குத்துவிளக்கேற்றிய கல்வி அலுவலர் அம்மா அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, வேலையெல்லாம் போட்டுவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே! காரைக்குடியில் கல்லைப் பற்றிப் பேச மேடை கொடுத்த உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வேண்டும்: பூமியின் உள்ளமைப்பு, தட்டுகள் (கண்டத்தையும் கடலடியையும் தாங்கும் பெரும் பாறைப் பலகைகள்) நகரும் விதம், நடுக்கம் தாங்கும் வீடு. முடிவில், நம் வட்டாரப் பாறை ஒன்றைக் காப்பாற்ற ஒரு வேண்டுகோள்.

மேலோடு கண்டங்களுக்கு அடியில் 30 முதல் 50 கி.மீ. கனம், கடலுக்கு அடியில் 7 கி.மீ. அளவுதான். அதன்கீழ் 2,890 கி.மீ. ஆழம் வரை கவசம். பிள்ளைகள் படம் வரையும்போது கவசத்துக்குச் சிவப்பைத் தீட்டி, தீக்குழம்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நிலநடுக்கத்தில் கிளம்பும் எஸ் அலை திரவத்துக்குள் போகாது. கவசத்துக்குள் நன்றாகவே போகிறது. ஆகவே கவசம் திடப் பாறைதான். சூட்டில் ஆண்டுக்குச் சில செ.மீ. நெகிழ்கிற பாறை. எஸ் அலை நின்றுபோகும் இடம், கவசத்துக்குக் கீழுள்ள வெளிக்கருவம். திரவ இரும்பு இருப்பது அங்கே. அதற்கும் உள்ளே, 5,150 கி.மீ.க்குக் கீழே, உட்கருவம் ஒன்று இருப்பதை 1936-ல் எடுத்துச் சொன்னவர் டென்மார்க்கின் இங்கே லேமன் அம்மையார்.

அடுத்து நகர்வு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள் நம் பெரியவர்கள். கண்டத்துக்கும் அதுவே பொருந்தும். கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கிறது, கவசத்துக்குள் அமிழ்கிறது, அமிழும்போது மீதித் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இதுதான் பெரியது. இந்தியத் தட்டு இன்று ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்கே போகிறது. பத்து லட்சம் ஆண்டில் 50 கி.மீ. கணக்குப் பிள்ளைகள் இருக்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆச்சிமார்களுக்காக ஒன்று சொல்கிறேன். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போகாத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. உங்கள் வளவுத் தூண்கள் அந்த நாட்டுத் தேக்கு. அந்த பர்மாவின் நடுவே வடக்குத் தெற்காக, ஆயிரம் கி.மீ.க்கும் மேல் ஓடுகிறது சகாயிங் பிளவு. அதன் இருபுறமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 மி.மீ. எதிரெதிராக நகர்ந்தாக வேண்டும். ஆனால் உராய்வு பிடித்துக்கொள்கிறது. நகராத பாக்கி பாறைக்குள் ஏறிக்கொண்டே போகிறது. 1930 மே 5 இரவு பெகு நகர் அருகே அந்தப் பிடி விட்டுக்கொடுத்தது, நிலநடுக்கம் வந்தது. சுமார் 500 பேர் இறந்தார்கள். ஷ்வேமாதோ என்ற புத்த கோபுரம் இடிந்து விழுந்தது. நம்மவர்கள் அங்கே கடை வைத்திருந்த காலம் அது.  பிளவில் மண்டலே நகருக்குத் தெற்கே உள்ள துண்டோ 1839-க்குப் பிறகு பெரிதாக விட்டுக்கொடுக்கவே இல்லை. 186 ஆண்டை 18 மி.மீ.யால் பெருக்குங்கள்: 3.3 மீட்டர் பாக்கி. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கமாக அது தீர்ந்தது. பிளவுக்கு அப்பால் இருந்த தரை ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பக்கவாட்டில் ஓடியது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது.

வீடு கட்டும் செய்தியை நேரம் கருதி விடுகிறேன். நான் வந்த காரியம் வேறு.

ரஷ்யாவின் கோலாவில் மனிதன் துளைத்த மிக ஆழமான குழி 12,262 மீட்டர். அதற்குமேல் 180 டிகிரி சூட்டில் வேலை நடக்கவில்லை. அந்தக் குழியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்த பாறை, மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போனதால், சிவகங்கையில் வெயில் காய்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா, ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது அழுந்திய பாறை அது. அதிலுள்ள கிராஃபைட், பெரும்பாலும் ஒரு பழங்கடலின் சேற்றில் மக்கிய உயிர்களின் கரி. விரலால் தேய்த்தால் கருப்பு ஒட்டும், தாளில் எழுதும். இப்படிப்பட்ட பாறையை ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பரங்கிமலைச் சார்னோகைட் பாறையும் திருவக்கரைக் கல்மரமும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். நம் வட்டாரத்திலும் ஒரு பாறை முகமாவது, அதாவது வெளியே தெரியும் பாறைப் பரப்பாவது, அப்படி அறிவிக்கப்பட வேண்டும்.

ஒரே மனுவில் நடக்காது. அடிமேல் அடி அடிக்க வேண்டும். வரும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வெறும் "எங்கள் மலையைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் கோப்பு அங்கேயே தூங்கும். சர்வே எண், புறம்போக்கா பட்டாவா என்ற விவரம், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, அளவுகோல் வைத்து எடுத்த படம் நான்கு, எல்லாம் வேண்டும். வரிவரியாக மடிந்த முகத்தைத் தேர்ந்தெடுங்கள். பாசி படிந்திருந்தால் தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும், ஆசிட் கூடாது, மணல் பீய்ச்சவும் கூடாது, மேற்பரப்பே போய்விடும். மாதிரிக்கு உதிர்ந்து கிடக்கும் கல்லை எடுங்கள், முகத்தில் சுத்தியல் படக் கூடாது. ஒரு பிரதி ஆட்சியருக்கு, ஒன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்கு. ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். மாதிரி மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது ஊருக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.