46 ஆட்டம், மூணு இடம்: சாம்பியன்ஷிப் டேபிளை எப்படிப் படிக்கறது?

[திரையில்: 2024-25 சாம்பியன்ஷிப் இறுதி டேபிள். 3, 4ஆம் வரிசைகள் மட்டும் வெளிச்சத்தில்]

ஷெஃபீல்டு யுனைடெட் 90 புள்ளி. சண்டர்லேண்ட் 76 புள்ளி. 46 ஆட்டம் முடிஞ்சப்போ நடுவுல 14 புள்ளி வித்தியாசம். ஆனா மேல் அடுக்கான பிரீமியர் லீகுக்குப் போனது 76 எடுத்தவங்க.

இங்கிலாந்து கால்பந்தோட ரெண்டாம் அடுக்கு லீகான சாம்பியன்ஷிப்பைப் புதுசாப் பாக்கறவங்க குழம்பறது இந்த இடத்துலதான். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துலயும் திண்டுக்கல் பக்கமும் டோர்னமென்ட் பாத்து வளந்தவங்களுக்கு நாக்-அவுட் அத்துப்படி. தோத்தா பையைத் தூக்கிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். டிவில பிரீமியர் லீக் பாக்கறவங்களுக்கு லீக் கணக்கு பழக்கம், அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் கோப்பை. சாம்பியன்ஷிப்புல ஒம்போது மாசம் லீக், அதுக்கு மேல மூணு ஆட்டம் நாக்-அவுட். அதனால ஒரு அணி எத்தனாவது இடத்துல இருக்குன்னு பாத்தா மட்டும் பத்தாது. எந்தக் கோட்டுக்கு மேல இருக்கு, அந்தக் கோட்டுல இருந்து எவ்வளவு தூரம்னு பாக்கணும்.

[திரையில்: டேபிளில் மூன்று கிடைக்கோடுகள். 2க்குக் கீழே, 6க்குக் கீழே, 21க்குக் கீழே]

மொத்தம் 24 அணி. ஒவ்வொருத்தரோடயும் உள்ளூர்ல ஒண்ணு, வெளியூர்ல ஒண்ணு, ஆக 46 ஆட்டம். முதல் ரெண்டு இடம் நேரா பிரீமியர் லீக். 2024-25ல 3ல இருந்து 6 வரைக்கும் பிளே-ஆஃப், அதுல ஜெயிக்கற ஒரே அணி மேல போகும். கடைசி மூணு அணி லீக் ஒன்னுக்கு இறங்கும். பேர் லீக் ஒன், ஆனா அது மூணாம் அடுக்கு. புள்ளி சமமா இருந்தா முதல்ல கோல் வித்தியாசம் (அடிச்ச கோல்ல வாங்குன கோலைக் கழிச்சது), அப்புறம் அடிச்ச கோல்.

இந்தக் கோடுகள் எத்தனை புள்ளில விழுதுன்னு மூணு சீசனை எடுத்துப் பாப்போம். ரெண்டாம் இடம் 2022-23ல 91, அடுத்த வருஷம் 96, அதுக்கடுத்து 100. ஏறிக்கிட்டே போச்சு. ஆட்டத்துக்கு ரெண்டு புள்ளி, அதாவது 92 எடுத்தா நேரா மேல போயிரலாம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. 2023-24லயும் 2024-25லயும் அது பத்தல. ஆறாம் இடம் அவ்வளவு ஏறல: 69, 73, 68. கீழ்க்கோட்டுக்கு 50 எடுத்தா தப்பிச்சோம்னு பேச்சு. 2023-24ல பர்மிங்காம் சரியா 50 எடுத்துட்டு இறங்குச்சு. அடுத்த வருஷம் லூட்டனும் ஹல்லும் ஆளுக்கு 49. கோல் வித்தியாசம் மோசமா இருந்த லூட்டன் இறங்குச்சு. அஞ்சுக்கு ஒண்ணுன்னு தோக்கறப்போ "எப்படியும் தோல்விதானே"ன்னு கடைசி அஞ்சு நிமிஷம் அசால்ட்டா விடற அணிக்கு, அந்த ஒரு கோல் மே மாசம் திரும்பி வந்து நிக்கும்.

இப்போ சண்டர்லேண்டுக்கு வருவோம். இவங்க 2017ல பிரீமியர் லீக்ல இருந்து இறங்கி, 2018ல அதுக்கும் கீழ இறங்கி, நாலு சீசன் மூணாம் அடுக்குல கிடந்து, 2022ல சாம்பியன்ஷிப்புக்குத் திரும்புனாங்க. 2023-24ல 16ஆவது இடம். அந்த கோடையில ரெஜிஸ் லெ ப்ரி கோச்சா வந்தாரு. பிரான்ஸ்ல அவர் நடத்துன லோரியான் அணி அப்போதான் முதல் அடுக்குல இருந்து இறங்கியிருந்துச்சு. கையில இருந்தது ரொம்ப இளவட்ட அணி: நடுக்களத்துல டேன் நீல், ஜோப் பெல்லிங்கம், பதினெட்டு வயசு கூட ஆகாத கிறிஸ் ரிக்.

முதல் நாலு ஆட்டமும் ஜெயம். லீக் போக தனியா நடக்கற ரெண்டு கோப்பைப் போட்டியிலயும் முதல் ஆட்டத்துலயே வெளிய. ரசிகர்களுக்குக் கடுப்பா இருந்திருக்கும், ஆனா ரெண்டாம் அடுக்கு அணிக்கு இது பாதி வரம். 46 ஆட்டம்ங்கறதே பிரீமியர் லீகை விட எட்டு கூட. அது போக செவ்வாய், புதன்ல ஆட்டம் வந்துக்கிட்டே இருக்கும். சனிக்கிழமை ஆடி, செவ்வாய் ஆடி, மறுபடி சனி. பெஞ்சுல ஒம்போது பேர், அதுல அஞ்சு பேரை மாத்திக்கலாம். பெஞ்சு பலம் இல்லாத அணி பிப்ரவரில தொடைத் தசையைப் புடிச்சுக்கிட்டு உக்காரும்.

கார்டு கணக்கும் இங்கதான் கடிக்கும். முதல் 19 லீக் ஆட்டத்துக்குள்ள அஞ்சு மஞ்சள் வாங்குனா ஒரு ஆட்டம் தடை. 37க்குள்ள பத்து வாங்குனா ரெண்டு ஆட்டம். நவம்பர்ல ஒரு டிஃபென்ஸ் மிட்ஃபீல்டர் நாலு மஞ்சளோட நிக்கறாருன்னா, அடுத்த ஆட்டத்துல டேக்கிள் போக யோசிப்பாரு. எதிரணி அவர் பக்கமாத்தான் பந்தை ஓட்டும்.

ஜனவரில புது ஆளை எடுத்து ஓட்டையை அடைக்கலாம். சண்டர்லேண்ட் இத்தாலியோட ரோமா அணில இருந்து என்ஸோ லெ ஃபேயை லோன்ல, அதாவது தற்காலிகமா, எடுத்தாங்க. லோரியான்ல லெ ப்ரிகிட்ட ஆடுன பையன். அதனால பழகிக்க ரெண்டு மாசம் தேவைப்படல. மேல போனா அவரை விலைக்கு வாங்கியே ஆகணும்ங்கறது ஒப்பந்தம். ஜெயிச்சா பணம் வரும், அப்போ குடுத்துக்கலாம். இந்த அடுக்குல இது புத்திசாலித்தனமான வாங்கல்.

ஏன்னா பணம்தான் இந்த லீக்கைச் சாய்க்குது. பிரீமியர் லீக்ல இருந்து இறங்குற அணிக்குப் பாராசூட் பணம் உண்டு. மேல இருக்கற ஒரு அணிக்குச் சமமாப் பிரிச்சுக் குடுக்கற ஒளிபரப்புப் பங்குல முதல் வருஷம் 55 சதவீதம், ரெண்டாம் வருஷம் 45, மூணாம் வருஷம் 20. ஒரே சீசன்ல திரும்பி இறங்குனவங்களுக்கு அந்த மூணாம் வருஷம் கிடையாது. 2024-25ல முதல் மூணு இடம் புடிச்ச லீட்ஸ், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் மூணுமே பாராசூட் பணம் வாங்குன அணிகள். நாலாவதா வந்த சண்டர்லேண்டுக்கு அது இல்ல. அதுக்காகப் பணம் இருந்தாப் போதும்னு நினைச்சிராதீங்க. மேல சொன்ன லூட்டனும் பாராசூட் வாங்குன அணிதான்.

செலவுக்கும் கடிவாளம் இருக்கு. மூணு வருஷத்துல சேத்து 39 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாது. மீறுனா புள்ளி வெட்டு. 2022-23ல ரெடிங் லீக்கோட ஒத்துக்கிட்ட செலவுத் திட்டத்தை மீறி ஆறு புள்ளி இழந்து, 44ல முடிச்சு இறங்குச்சு. அந்த ஆறு இருந்திருந்தா 50. 49 எடுத்த கார்டிஃப் தப்பிச்ச வருஷம் அது.

[திரையில்: சண்டர்லேண்டின் கடைசி ஐந்து ஆட்டங்கள், ஐந்தும் சிவப்பில்]

இதைப் பாருங்க. கடைசி அஞ்சு லீக் ஆட்டமும் தோல்வி. தனியா இதை மட்டும் பாத்தா அணி உடைஞ்சு போச்சுன்னுதான் தோணும். கோட்டை வச்சுப் பாத்தா வேற கதை. மேல 90, எட்டறது ரொம்பக் கஷ்டம். கீழ அஞ்சாவது வந்த கோவென்ட்ரி கடைசியில 69தான். நாலாம் இடம் கிட்டத்தட்ட உறுதி. முக்கியமான ஆளுங்களைக் காயம் இல்லாம மே மாசத்துக்குக் கொண்டு போறதுதான் அப்போ வேலை. அஞ்சு தோல்வி அதிகம்தான், ரெண்டு டிராவாவது எடுத்திருக்கலாம். ஆனா புள்ளிக்கு மதிப்பு இல்லாத நேரத்துல தோத்த ஆட்டங்கள் அவை.

2024-25 பிளே-ஆஃப் அரையிறுதில 3க்கு எதிரா 6, 4க்கு எதிரா 5. ரெண்டு ஆட்டம், கீழ் இடத்துல இருக்கற அணியோட ஊர்ல முதல் ஆட்டம். வெளியூர் கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது. சமம்னா கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி. கோவென்ட்ரில சண்டர்லேண்ட் 2-1. திரும்பி வந்து சொந்த ஊர்ல 1-0ன்னு பின்தங்கி, மொத்தக் கணக்கு 2-2. கூடுதல் நேரமும் முடியப்போற 122ஆவது நிமிஷம், லெ ஃபே கார்னர், டேன் பேலர்ட் ஹெட்டர். நம்ம ஊர்ல அப்போ அதிகாலை மூணு மணி வாக்கு. தூங்கா நகரத்துலயும் முழிச்சிருந்தவங்க கொஞ்சப் பேர்தான்.

ஷெஃபீல்டு யுனைடெட் மறுபக்கம் பிரிஸ்டல் சிட்டியை 3-0, 3-0ன்னு நசுக்கிட்டு வந்துச்சு. 2025 மே 24, லண்டன் வெம்ப்ளி மைதானத்துல ஃபைனல். ஷெஃபீல்டோட டைரீஸ் கேம்ப்பெல் அடிச்சு 1-0. கொஞ்ச நேரத்துல ஹாரிசன் பர்ரோஸ் ரெண்டாவது அடிச்சாரு, ஆனா கோல்கீப்பர் பார்வையை ஒருத்தர் ஆஃப்சைட்ல நின்னு மறைச்சதா விஏஆர், அதாவது வீடியோ நடுவர் முறை, ரத்து பண்ணுச்சு. கவனிங்க: லீக்கோட 46 ஆட்டத்துல விஏஆர் கிடையாது. சீசன் முழுக்க இல்லாத கருவி, கடைசி நாள்ல வந்து தீர்ப்பு சொல்லுது. 76ஆவது நிமிஷம் சண்டர்லேண்டோட எலியேசர் மயெண்டா சமன் பண்ணாரு. 95ஆவது நிமிஷம், எதிரணியோட தப்பான பாஸைப் புடிச்சு டாம் வாட்சன் 2-1 ஆக்குனாரு. 19 வயசு, பிரைட்டன் அணிக்குப் போறதா ஏற்கனவே கையெழுத்து ஆன பையன்.

90 எடுத்தவங்களுக்கு இது அநியாயம்தான், சுத்தி வளைக்க வேண்டாம். முந்தின வருஷம் லீட்ஸும் அதே 90 எடுத்துட்டு, 87 எடுத்த சவுத்தாம்ப்டன்கிட்ட ஃபைனல்ல தோத்துச்சு. ஆனா ஆறாம் இடக் கோடு மட்டும் இல்லைன்னா, ஜனவரிலயே பாதி அணிக்கு ஆட வேண்டிய காரணம் போயிரும்.

நம்ம ஊர் ரெண்டாம் அடுக்கான ஐ-லீக்ல அப்போ மேல போற கோடு ஒண்ணே ஒண்ணு, சாம்பியன் மட்டும் முதல் அடுக்கான ஐஎஸ்எல்லுக்கு. 2022-23ல பஞ்சாப், அடுத்து முகமதன். 2024-25ல ஏப்ரல்ல ஆட்டம் முடிஞ்சும் சர்ச்சில் பிரதர்ஸா, இன்டர் காசியான்னு வழக்கு நடந்து, ஜூலைலதான் சுவிட்சர்லாந்துல இருக்கற விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிக்குத் தீர்ப்பு குடுத்துச்சு.

புது சீசனை நீங்க பின்தொடரணும்னா முதல் பத்து ஆட்டம் வரைக்கும் டேபிளைத் தொடாதீங்க. அப்புறம் புள்ளியை ஆடுன ஆட்டத்தால வகுங்க. ரெண்டுக்கு மேலன்னா முதல் ரெண்டு இடத்துக்கான போட்டி, ஒண்ணரை வாக்குல பிளே-ஆஃப், 1.1க்குக் கீழன்னா ஆபத்து. இப்படி வகுத்தா, மழையில ஆட்டம் தள்ளிப்போய் ஒண்ணு ரெண்டு பாக்கி இருக்கற அணியையும் சரியா எடை போடலாம். பாதி சீசன்ல, 23 ஆட்டத்துல இதே கோடுகள் 46, 35, 25 புள்ளி.

[திரையில்: நேர அட்டவணை]

நேரம்: அக்டோபர் கடைசி ஞாயிறுல இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை, அங்க சனிக்கிழமை மூணு மணி ஆட்டம் இங்க ராத்திரி எட்டரை. மத்த மாசங்கள்ல ஏழரை. செவ்வாய்க்கிழமை 7:45 ஆட்டம் குளிர்காலத்துல இங்க புதன் அதிகாலை ஒண்ணேகால், மத்த மாசத்துல பன்னெண்டேகால். மறுநாள் காலையில வேலை இருந்தா முதல் பாதியோட படுத்திருங்க.