உளவியல் பட்டம் முடித்தாயிற்று, அடுத்து என்ன?

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "சேர், உளவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். இணையவழியில் ஒரு வெளிநாட்டு முதுமாணி படித்தால் கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் ஆகலாமா? வீட்டில், 'எப்ப மருந்து எழுதுவாய்?' என்று கேட்கிறார்கள்."

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். சரி, முதலில் வீட்டாருக்கு: மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் எம்.டி. செய்தவர். தங்கச்சியின் பாதை வேறு: மருந்தில்லாமல், கதைத்துச் சிகிச்சை செய்வது. அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதுதத்துவமாணி (எம்.பில்.) இருக்கிறது. போட்டி கடுமைதான்.

இணையவழிப் படிப்புக்கு நான் என்ன சொல்வேன் என்று வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மேற்பார்வை உண்டா என்று கேளுங்கள். நீங்கள் ஓர் ஆளோடு கதைத்ததை, பிறகு ஒரு மூத்தவர் உங்களோடு இருந்து அலசுகிறாரா? அது இல்லாத படிப்பு ஆய்வுக்கு உதவும், சிகிச்சைக்குப் போதாது. பணம் கட்டுமுன், அந்தப் படிப்பை ஏற்பார்களா என்று இலங்கை மருத்துவ சபைக்கு எழுதிக் கேளுங்கள். படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்பார்.

அதுவரை வேலை? பிரதேச செயலகத்தில் உளவளத்துணை (கவுன்சலிங்) உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உளசமூக உத்தியோகத்தர், தொண்டு நிறுவனங்கள். திட்டியபடி படித்த புள்ளிவிபரவியலும் அங்கே உதவலாம்.

ஒருமுறை ஒரு பிரதேச செயலகத்தில் காத்திருந்தேன். அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிப் படிவத்தோடு ஓர் அம்மா வந்தார். உளவளத்துணைப் பிள்ளை நிரப்பிக் கொடுத்தது. அம்மா எழும்பவில்லை. "இன்னொன்று இருக்குது பிள்ளை" என்றார். அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின் விறாந்தைக்குப் போனது. எந்த முதுமாணியிலும் இதற்குப் புள்ளி இல்லை. ஆனால் அன்று கேட்டதை அந்தப் பிள்ளை யாரிடம் போய் அலசும்? திரும்பவும் மேற்பார்வைதான்.

உண்மையில் நீங்கள், "திருகோணமலையிலேயே இருந்து இதைச் செய்யலாமா?" என்று கேட்டிருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் வந்தன, திட்டம் முடிந்ததும் போய்விட்டன. சனம் இங்கேதான் இருக்கிறது. தாராளமாகச் செய்யலாம், ஆனால் சிங்களமும் படியுங்கள். கந்தளாய்க்கும் கோமரங்கடவலைக்கும் போட்டால் என்ன செய்வீர்கள்?

அப்புறம், இங்கே வேலை செய்யும் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடலாம். அனுபவமுள்ள ஒருவரை அழைத்து, ஆளின் பெயரோ ஊரோ சொல்லாமல் அலசலாம். மூதூரில் இடம் கிடைத்தால் எழுதுங்கள் தங்கச்சி, நானும் வருகிறேன்.