பாத்திரம் அறிந்து இடுவோம்

(திருகோணமலையில் ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, நேற்றே ஆள் அனுப்பி இந்த மண்டபத்தைக் கூட்டிக் கழுவிக் கொடுத்த ஆலய பரிபாலன சபையினரே, பள்ளிவாசல் நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் மௌலவி அவர்களே, கந்தளாய்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருக்கும் வணக்கத்திற்குரிய தேரர் அவர்களே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தேரர் அவர்களுக்குப் பதினொன்றரைக்குள் தானம், அதாவது உணவு, கொடுத்தாக வேண்டும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று தலைவர் என் காதோடு சொல்லியிருக்கிறார். உச்சிப்பொழுது தாண்டினால் பௌத்தத் துறவியான பிக்கு உண்பதில்லை. எனவே மூன்று விஷயங்களை மட்டும் பேசுகிறேன். காட்டோரத்துச் சிறிய ஆரண்யத்தில், அதாவது வனத் துறவு மடத்தில், ஒரு பிக்குவின் நாள் எப்படிப் போகிறது என்பது ஒன்று. அவரைக் கட்டும் விநயம் என்ற துறவொழுக்க விதிகள் இரண்டாவது. நம் தமிழுக்கு அங்கே என்ன உறவு என்பது மூன்று.

"பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். வாங்குபவரின் தகுதியை அறிந்து கொடு என்று அதற்குப் பொருள் சொல்வோம். பாத்திரம் என்றால் பாத்திரமேதான், அதையும் அறிந்துகொள் என்கிறேன் நான். ஒரு பிக்குவின் உடைமை எட்டுப் பொருள்கள்: சீவரம் என்ற துவராடை மூன்று, பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டும் துணி. அந்தத் துணி எதற்கு? தண்ணீரோடு ஒரு சிற்றுயிரும் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்பதற்கு.

உள்ளங்கை ரேகை கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவருக்கு விடியல். அதன்பிறகே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பிண்டபாதம் என்ற பிச்சைக்குப் புறப்படுவார். வீட்டு வாசலில் நிற்பார். கேட்க மாட்டார். கொடுத்தால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த வாசல். தாமே சமைப்பதில்லை, நாளைக்கென்று சோற்றை எடுத்து வைப்பதும் இல்லை. மண்ணைத் தோண்டவும் செடியை வெட்டவும் விதி விடாது. ஊர் இல்லாமல் ஆரண்யம் இல்லை.

நான் முதல் நியமனம் பெற்றுப் போன பள்ளி அப்படி ஒரு காட்டோரத்தில் இருந்தது. ஒரு மைல் தள்ளிப் பாறையடியில் இரண்டு குடில்கள். ஒரு முதிய பிக்குவும் ஓர் இளைய பிக்குவும் இருந்தார்கள். அது வஸ் காலம். ஆடி மாதத்துப் பூரணைக்கு மறுநாள் தொடங்கும் மூன்று மாதம், பிக்குமார் ஓரிடத்தில் தங்க வேண்டிய காலம். மழைக்கால வாசம் என்று பெயர். வடஇந்திய மழையை வைத்து வகுத்த கணக்கு அது. நம் திருகோணமலையிலோ அந்த மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், கிணறு அடியில் போய்விடும். எங்கள் ஊர்த் தாய்மார் தங்களுக்கே தண்ணீர் தட்டாக இருந்தபோதும் ஒரு குடத்தை அந்தப் பாறையடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஒருநாள் காலை நானும் போனேன். குடிலுக்கு முன்னால் ஒரு விளாமரம். இரவில் விழுந்த பழம் ஒன்று வெடிக்காமல் முழுசாக, ஓட்டில் செம்மண் ஒட்டியபடி கிடந்தது. வாசம் மூக்கைத் துளைத்தது. முதிய பிக்கு அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாறு பழத்தில் படாமல் விலகி விலகிப் போனது. முந்தைய நாள் பிண்டபாதத்தில் அவருக்குக் கிடைத்தது அரைப் பாத்திரம் சோறுதான் என்று எனக்குத் தெரியும். குனிந்து எடுக்க இவ்வளவு பெருமையா என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

என்னோடு வந்தவன் என் வகுப்பு மாணவன், விறகு வெட்டுபவரின் மகன், பத்து வயது. "சேர், அவர் எடுக்கக் கூடாது. நாங்கள்தான் கொடுக்க வேண்டும்" என்றான். ஓடிப்போய்ப் பழத்தை எடுத்தான், சாரத்தில் மண்ணைத் துடைத்தான், இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பிக்குவின் முன்னால் குந்தினான். அவர் மெதுவாக, "கப்பியங் கரோஹி", அதாவது தகுதியாக்கு, என்றார். பையன் இடுப்பிலிருந்த சிறு கத்தியால் ஓட்டைக் கீறி, "கப்பியம் பந்தே", தகுதியாயிற்று சுவாமி, என்றான். விதையுள்ள கனி முளைக்கும் உயிருடையது. இல்லறத்தார் ஒருவர் கீறித் தகுதியாக்கிக் கையில் கொடுத்தால்தான் அவர் உண்ணலாம். பழைய பாளி வாசகத்தை, சட்டை போடாத ஒரு தமிழ்ப் பையன் பிசகாமல் சொன்னான்! பிக்குவுக்குத் தமிழில் பத்துச் சொல்கூடத் தெரியாது, பையனுக்குச் சிங்களம் அரைகுறை. நான் படித்தவன், எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. பாத்திரம் அறிந்து பிச்சை இட்டவன் அவன்.

விநயத்தைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இல்லை. பாதிமோக்கம் என்ற விதித் தொகுப்பில் 227 விதிகள் உண்டு, பூரணையிலும் அமாவாசையிலும் பிக்குமார் கூடி ஓதுவார்கள் என்ற அளவில் விட்டுவிடுகிறேன். நான் வந்த காரியம் வேறு.

ஹொரவப்பொத்தானை வீதியில் போகிறீர்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கக் கூட்டம் இறங்குகிறது. அதற்கும் அப்பால், பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. நம் மக்கள் அதை நாதனார் கோவில் என்று அழைத்தார்கள். சோழர் 993-ஆம் ஆண்டளவில் வந்து 1070 வரை இலங்கையின் பெரும்பகுதியை ஆண்ட காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். சைவப் பேரரசனின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி! அங்கே கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. அணையாத நுந்தா விளக்குக்கு நெய் தரப் பசுக்களை விட்டவர்கள், விளக்கைக் கொடுத்தவர்கள் என்று தமிழ்ப் பெயர்களோடு கொடையைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டி, நாகபட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவனும் அதே இராஜராஜன்தான்.

காணி பற்றிய வழக்குகளும் மனக்காயங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றை மூடி மறைக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கல்லில் இருக்கும் தமிழை நம் பிள்ளைகள் தம் கண்ணால் பார்க்காமல் இந்த விவகாரத்தில் வாய் திறக்கக்கூட அவர்களுக்கு வழியில்லை. என் நகரத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கன்னியாவில் குளித்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கல்லெழுத்தின்மேல் விரல் வைத்து ஒரு சொல்லைக் கூட்டிப் படித்தவர் ஒருவரும் இல்லை. பாத்திரம் அறியாமல் எதை இடுவது, எதை மறுப்பது?

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, உங்களை இங்கே வைத்துக்கொண்டே கேட்கிறேன். ஒவ்வொரு பாடசாலையிலும் தரம் 9 மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் அங்கே போக வேண்டும். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூடப் போக வேண்டும். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் வர வேண்டும். எழுத்தை நம் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும், விகாரைக்குள் எப்படி நிற்பது, எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் காட்டட்டும். பணிப்பாளர் தலையசைப்பதைச் சபை பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பயணத்துக்கு நானே ஒரு பஸ் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு இந்த வாசிகசாலை வாசலில் நிற்கும். நாற்பது பேருக்கு இடம் இருக்கிறது. கதவருகே மேசையில் தாளும் பேனாவும் இருக்கின்றன, பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தானத்துக்குச் சோறும் கறியும் கொண்டுவரும் தாய்மார் நேரே பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். பதினொரு மணிக்கு முன் பிக்குமாரின் கையில் கொடுத்தாக வேண்டும். விளாம்பழம் கிடைத்தால் கொண்டுவாருங்கள். கத்தி நான் கொண்டுவருகிறேன்.